இருப்பும் பதுக்கலும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் உரைத்தார். சென்னையில் கணக்கு எழுதும் உத்தியோகத்தில் இருப்பவர். ஊருக்கு வந்தால் நம்மைக் காணாமல் திரும்ப மாட்டார். நலம் விசாரித்த பின்னும் எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றுவதும் அணிவதுமாக இருந்தார். "என்ன தம்பி, சொல்லுங்கள்" என்றோம்.

"ஹஜ்ரத், கொரோனாக் காலத்தில் எண்ணெய்க் கம்பெனிகளின் பங்கு அடிமட்டத்தில் கிடந்தது. நம் நாட்டிலேயே எண்ணெய் எடுக்கிற கம்பெனி ஒன்றில் என் சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டேன். நாட்டுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்றுதான் நினைத்தேன். இப்போது உக்ரைனில் சண்டை. எண்ணெய் விலை ஏறுகிறது. என் பங்கும் ஏறுகிறது. காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் குண்டு விழுந்த செய்தி பெரிதாக இருந்தால் மனசு குளிர்கிறது. சமாதானப் பேச்சு என்று இருந்தால் வாடிப்போகிறது. பிறகு என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கிறது. இந்தப் பணம் ஹலால்தானா?"

அன்று நாம் தந்த பதில் மிகச் சுருக்கமானது. எண்ணெய் ஆகுமான சரக்கு. கூட்டுத் தொழிலில் பங்கு கொள்வது ஆகுமானது. போரை நீங்கள் மூட்டவில்லை. வட்டிக் கலப்பு உண்டா என்பது தனி மஸ்அலா, அதை மட்டும் விசாரித்துக் கொள்ளுங்கள் என்று கூறி அனுப்பிவிட்டோம். அவரும் கைலாகு கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் போகும்போது அவர் முகம் தெளிந்திருக்கவில்லை. மஃரிபுக்கு ஒளூச் செய்துகொண்டிருந்தபோதுதான் நமக்கு உறைத்தது: அவர் கேட்டது தம் உள்ளத்தைப் பற்றி, நாம் விடை கூறியதோ அவருடைய பணத்தைப் பற்றி. முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குப் பாடம் சொல்லும் ஒருவன் செய்யத்தக்க பிழையன்று அது. அந்தப் பிழையை ஓரளவேனும் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

ஒரு தனி மனிதரின் சஞ்சலமாக இது தோன்றினும், நாடுகளின் சஞ்சலமும் இதுவேயாகும். எங்கோ போர் மேகம் சூழும்போதெல்லாம் ஒவ்வொரு நாடும் தன் நிலத்தடியைத் தோண்டிப் பார்க்கிறது. வாங்கிய எண்ணெயைப் பூமிக்குள் இறக்கிப் பூட்டி வைக்கிறது. இது முன்னறிவா, பதுக்கலா? வருங்காலத்தைப் பற்றிய கவலையா, அல்லாஹ்வின் மீதுள்ள நம்பிக்கையின் குறைவா? பிறர் இருளில் இருக்க நாம் விளக்கேற்றி வைத்திருப்பது எதுவரை நியாயம்?

நமது கீழத் தஞ்சைச் சீமையில் நெல் விளைந்த வீடுகளில் பத்தாயம் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் பத்தாயம் நிறைந்திருக்கும். ஒரு வீட்டார் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலையும் வருமானமும் அற்றுப்போகும் நாள்களை அஞ்சி வைத்திருப்பார்கள். மற்றொரு வீட்டார் அதே அடைமழையை எதிர்பார்த்து வைத்திருப்பார்கள். தெருவில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டு பத்தாயமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

திருமறையின் யூசுப் அத்தியாயம் இத்தகைய சேமிப்புக்கு உயர்ந்த சான்று. மிஸ்ரு நாட்டு மன்னன் கண்ட கனவுக்கு யூசுப் (அலை) அவர்கள் பலன் கூறியதோடு நில்லாமல், செழித்த ஏழாண்டுகளில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரோடே விட்டு வைக்க வேண்டும் என்று வழியும் கூறினார்கள். பின்னர் களஞ்சியப் பொறுப்பையும் தாமே கேட்டுப் பெற்றார்கள். சேமிப்பது தவக்குலுக்கு முரணன்று என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை. நம் நாயகம் (ஸல்) அவர்களும் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உண்டு.

ஆனால் யூசுப் நபியின் வரலாற்றைக் கூறுவோர் பலரும் சேமித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். பஞ்சம் வந்தபோது அக்களஞ்சியத்தின் கதவு யாருக்குத் திறந்தது என்பதன்றோ முக்கியம்? கன்ஆனிலிருந்து வந்த அயலாருக்குத் திறந்தது. அந்த அயலார் வேறு யாருமல்லர். அவரைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்களே. ஆளுக்கு ஓர் ஒட்டகச் சுமை என்று அளந்து கொடுக்கப்பட்டது. விலையாகக் கொண்டுவந்த பொருளும் அவர்களுடைய மூட்டைக்குள்ளேயே திருப்பி வைக்கப்பட்டது. விலை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் மிஸ்ருக் களஞ்சியம் நடந்துகொண்ட முறை இது.

பதுக்கலுக்கு அரபு மொழியில் இஹ்திகார் என்று பெயர். பாவியன்றி வேறெவனும் பதுக்கமாட்டான் என்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. இதன் எல்லை எது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் ஷாபிஈ மத்ஹபில், விலையேறிய காலத்தில் உணவுப் பொருளை வாங்கி, இன்னும் ஏறட்டும் என்று அடைத்து வைப்பதே தடுக்கப்பட்ட பதுக்கல். மலிவான காலத்தில் வாங்கி வைத்ததும், தன் நிலத்தில் விளைந்ததும் அதில் சேரா. ஹனபீ இமாம்களில் அபூ யூசுப் (ரஹ்) அவர்களோ, எப்பொருளை அடைத்து வைப்பதால் பொதுமக்களுக்குத் துன்பம் விளையுமோ, அப்பொருள் எதுவாயினும் அது பதுக்கலே என்றார்கள். எண்ணெய் உணவன்று. ஆயினும் இன்று எண்ணெய் இல்லையேல் உழவு இயந்திரம் ஓடாது, நெல் ஏற்றிய லாரி நகராது, நம் கரையின் விசைப்படகு கடலுக்குப் போகாது. எனவே இவ்விஷயத்தில் அபூ யூசுப் அவர்களின் சொல்லையே நாம் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். மத்ஹபுப் பற்று மிகுந்த நண்பர்கள் பொறுத்தருள்க.

இனி நம் நாடு செய்துவைத்திருப்பதைப் பார்ப்போம். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட பங்கை வெளியிலிருந்து வாங்குகிறது. இடுக்கண் காலத்துக்கென எண்ணெய் வைக்க 2004இல் தனி நிறுவனம் ஒன்று தோன்றியது. விசாகப்பட்டினத்தில் 13.3 இலட்சம் டன், மங்களூரில் 15 இலட்சம் டன், உடுப்பி மாவட்டத்துப் பாதூரில் 25 இலட்சம் டன் என்று, ஆகமொத்தம் 53.3 இலட்சம் டன் கொள்ளும் குகைகள் பாறையில் குடையப்பட்டன. நாட்டுக்கு இது ஏறக்குறைய ஒன்பதரை நாள் தேவை. எண்ணெய்க் கம்பெனிகள் தம் தொட்டிகளில் வைத்திருப்பது தனி.

இக்குகைகளின் அமைப்பு வியப்புக்குரியது. உள்ளே இரும்புத் தகடு பதிக்கவில்லை, பூச்சும் இல்லை, வெறும் பாறைதான். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே அவை குடையப்பட்டுள்ளன. பாறையின் வெடிப்புகளில் நிற்கும் நீர் நாற்புறமிருந்தும் உள்நோக்கி அழுத்துவதால் எண்ணெய் வெளியே கசிவதில்லை. அந்த நீரழுத்தம் குறையாமல் இருக்க மேலிருந்து நீர் செலுத்திக்கொண்டேயிருக்கிறார்கள். எண்ணெய்க்கு நீர் காவல்!

2020 ஏப்ரலில் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது எண்ணெயை வாங்குவார் இல்லை. அம்மாதம் 20ஆம் நாள் அமெரிக்கச் சந்தையில், மே மாதத்துக்கான ஒப்பந்தத்தின் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. விற்பவன் பணம் கொடுத்துத் தள்ளிவிட வேண்டிய நிலை. அந்த ஏப்ரல், மே மாதங்களில்தான் நம் அரசு குகைகளை நிரப்பியது. பீப்பாய் ஒன்றுக்குச் சராசரி 19 டாலர். ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய் மிச்சமாயிற்று என்று அரசு கூறியது. மலிவான காலத்தில் வாங்கியது, தேவைக்கென வாங்கியது. எந்த மத்ஹபின் அளவுகோலாலும் இதைப் பதுக்கல் எனக் கூற இயலாது.

இத்தகைய இருப்பு இல்லாத காலத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் இராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது நம் தமையனார் அங்கே ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். நாம் அப்போது மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த இளைஞன். ஏறத்தாழ ஆறு வாரங்கள் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. உம்மா ஒவ்வொரு வக்துக்குப் பின்னும் முஸல்லாவை மடிக்காமல் அமர்ந்திருப்பார். பின்னர் பாக்தாது வழியாக அம்மான் நகரை அடைந்து, பாலைவனத்துக் கூடாரத்தில் நாள்களைக் கழித்து, இந்திய அரசு அனுப்பிய விமானம் ஒன்றில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். அப்படி மீட்கப்பட்டவர்கள் சுமார் ஒரு இலட்சத்து எழுபதாயிரம் பேர். மாற்று உடையைத் தவிர அவர் கையில் எதுவும் இல்லை.

அதே மாதங்களில் எண்ணெய் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. வளைகுடாவிலிருந்து வரும் பணம் நின்றது. எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய பணம் பெருகியது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி, 1991 ஜூலையில் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் வங்கிகளிடம் அடகு வைக்கும் நிலை உண்டாயிற்று. அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் வேறு பலவும் உண்டெனினும் எண்ணெய் அதில் ஒரு பெருங்காரணம். குடும்பத்தின் வீழ்ச்சியும் நாட்டின் வீழ்ச்சியும் ஒரே கிணற்றிலிருந்து வந்ததை நாம் கண்ணால் கண்டோம். ஆகவே, இருப்பு வைக்கத் தேவையில்லை, இறைவன் பார்த்துக்கொள்வான் என்று எவரேனும் கூறினால் நம்மால் தலையசைக்க இயலாது.

இன்னுமொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்து, அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் அனுப்புவதை நிறுத்தியபோது நம் மூத்தவர்கள் பெருமிதம் கொண்டார்கள். வல்லரசுகள் வரிசையில் நிற்கின்றன என்று தேநீர்க் கடைகளில் பேசியதை வாப்பா பிற்காலத்தில் கூறக் கேட்டிருக்கிறோம். பலஸ்தீன மக்களின் நியாயத்தை நாம் மறுப்பவரல்லர். ஆயினும் பீப்பாய் மூன்று டாலர் அளவிலிருந்து பதினொரு டாலருக்கு மேல் ஏறியபோது, அந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத ஏழை நாடுகள் பட்ட பாடு என்ன? உரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அல்லாடிய குடிசைகளில் முஸ்லிம்களின் குடிசைகளும் இருந்தன. செல்வ நாடுகளோ விரைவில் தம்மைத் தற்காத்துக்கொண்டன. 1974 நவம்பரில் அவை சேர்ந்து சர்வதேச எரிசக்தி முகமையை அமைத்தன. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தொண்ணூறு நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான இருப்பு வைக்க வேண்டும், நெருக்கடியில் தமக்குள் பகிர வேண்டும் என்பது விதியாயிற்று. அமெரிக்கா 1975இல் சட்டம் இயற்றி, டெக்சாஸ், லூசியானா மாநிலங்களின் உப்புப் பாறைக் குகைகளில் எண்ணெயை நிரப்பத் தொடங்கியது.

தமக்குள் பகிர்வது நல்லதே. அஷ்அரீ குலத்தார் போரிலோ ஊரிலோ உணவு குறைந்தால் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாக அளந்துகொள்வார்கள் என்று கூறி, அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நபி பெருமானார் (ஸல்) பாராட்டினார்கள். எனினும் மற்றொரு நிகழ்ச்சி இதைவிட நம் சிந்தனைக்கு உரியது. ஓராண்டு ஹஜ்ஜுப் பெருநாளில் வறுமையுற்ற நாட்டுப்புறத்தார் மதீனாவுக்குக் கூட்டமாக வந்து சேர்ந்தனர். குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைக்கலாகாது, எஞ்சியதைத் தர்மம் செய்துவிடுங்கள் என்று கட்டளை பிறந்தது. மறு ஆண்டு தோழர்கள் தயங்கிக் கேட்டபோது, அன்று வந்திருந்த அந்த ஏழைக் கூட்டத்துக்காகவே தடுத்தோம்; இனி உண்ணுங்கள், சேமியுங்கள், தர்மமும் செய்யுங்கள் என்று விடை கிடைத்தது. இறைச்சி அதேதான், வீடும் அதேதான். வாசலில் பசித்தவன் வந்து நின்றதால் சட்டம் மாறியது. சேமிக்கும் உரிமையின் அளவை நம் வீட்டுத் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை; வாசலில் நிற்பவனும் தீர்மானிக்கிறான்.

2022இல் நம் வாசலில் நின்றது இலங்கை. செலாவணி தீர்ந்து எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கப் பணமின்றி, பெட்ரோல் வரிசையில் காத்திருந்தே சிலர் உயிர்விட்டனர். ஜூன் மாத இறுதியில் அத்தியாவசியப் பணிகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் இல்லை என்று அந்த அரசு சுமார் இரு வாரங்களுக்கு அறிவித்தது. இந்தியா அவ்வாண்டு பிப்ரவரியிலேயே எரிபொருள் வாங்க 50 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்திருந்தது; டீசல் கப்பல்களும் போயின. பாறைக் குகையைத் திறந்து கொடுத்ததன்று அது; கடனுக்குக் கொடுத்ததே. ஆயினும் வாசலுக்கு வந்தவன் வெறுங்கையோடு திரும்பவில்லை.

நாட்டுக்கு உள்ளம் என்று ஒன்று இல்லை. ஆதலால் அதன் நிய்யத்தைக் கதவு திறக்கும் நேரத்தில்தான் கண்டுகொள்ள முடியும். வள்ளுவர் அரசனின் பொருட்கடமைகளை அடுக்கும்போது காப்பதோடு முடிக்காமல், காத்ததைப் பகுத்துச் செலவிடுவதை இறுதியில் வைத்தது இதனாலேயே போலும்.

நிற்க. குகையில் வைப்பது ஒருபுறமிருக்க, சொந்த மண்ணிலேயே எண்ணெய் எடுப்பது பற்றியும் நம் நூல்கள் பேசுகின்றன. மஃரிபு என்னும் இடத்து உப்புச் சுரங்கத்தை அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் கேட்க, நபி பெருமானார் கொடுத்துவிட்டார்கள். அது வற்றாத ஊற்றைப் போன்றது என்று ஒருவர் எடுத்துக் கூறியதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதை அடியொற்றி, இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில், உழைப்பின்றித் தானே வெளிப்படும் கனிமங்களுள் நஃப்து எனும் மண்ணெண்ணெயையும் கந்தகத்தையும் வைத்து, அவை தனியொருவருக்கு உடைமையாகா, அரசும் அவற்றை ஒருவருக்கென்று எழுதிக் கொடுக்க இயலாது என்கிறார்கள். நெருக்கம் ஏற்பட்டால் முதலில் வந்தவருக்கு முன்னுரிமை. அதுவும் அவருடைய தேவையின் அளவுக்கு மட்டுமே. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்த வரிகளை மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் நாம் சற்று நின்றுவிடுவது வழக்கம். ஆயிரக்கணக்கான அடி துளையிட்டு எடுக்கும் இன்றைய எண்ணெய் தானே வெளிப்படும் கனிமமா, உழைத்து எடுக்கும் கனிமமா என்ற கேள்வியை எழுப்பாத மாணவர் இல்லை. அதை இங்கே தீர்த்துவிட முடியாது. தேவையின் அளவு என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

நாகூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க நரிமணத்தில் எண்ணெய் கிடைத்ததையும், 1993இல் அதன் பக்கத்தில் சுத்திகரிப்பு ஆலை எழுந்ததையும் இப்பகுதியார் நேரில் கண்டவர்கள். உள்நாட்டு எண்ணெய் என்று செய்தித்தாளில் ஒரே சொல்லாக வருவது, இங்கே யாரோ ஒருவருடைய வயலின் அடியில் இருப்பது. நாட்டின் அச்சத்தைப் போக்க அந்த ஒருவர் தம் நிலத்தடி நீரைப் பற்றிய அச்சத்தை ஏற்க வேண்டியிருக்கிறது. 2020 பிப்ரவரியில் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை விதித்துச் சட்டம் செய்தது, முன்பிருந்தவை தொடர்ந்தன. சென்னையில் இருந்துகொண்டு பங்கு வாங்குபவருக்கு இந்த வயல் கண்ணில் படுவதில்லை. அது அவருடைய குற்றமன்று. ஆனால் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இனி நம் மாணவரிடம் வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் முன்னோர் ஒருவர் கூறிய அறிவுரை ஒன்றை எடுத்துரைக்கிறார்கள். தானிய வியாபாரத்திலும் கபன் துணி வியாபாரத்திலும் உன் மகனை விடாதே. முன்னதில் இருப்பவன் விலையேற்றத்தை விரும்புவான், பின்னதில் இருப்பவன் மனிதர்களின் மரணத்தை விரும்புவான் என்பது அதன் சாரம். கவனிக்க வேண்டும்: இரண்டு வியாபாரமும் ஆகுமானவை. கபன் துணி விற்பவன் இல்லாவிட்டால் மையித்தை அடக்குவது எப்படி? சரக்கில் குற்றமில்லை, கொள்முதலில் குற்றமில்லை. நாள்தோறும் கடையில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளம் எதை எதிர்நோக்கிப் பழகுகிறது என்பதே கவலை. நம் மாணவர் இந்நூலைப் படித்தவரல்லர். தம் வெட்கத்தின் வழியாகவே இவ்விடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அவரை நாம் "கவலைப்படாதீர்கள்" என்று அனுப்பிவைத்தோம்!

மறு வாரம் அவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். நீங்கள் வாங்கியது மலிவான காலத்தில். பதுக்கினீர்கள் என்று எவரும் கூற முடியாது. இலாபம் ஹலால் என்று முன்பு சொன்னதை மாற்றவில்லை. ஆனால் பத்திரிகையைப் பிரிக்கும் அந்த ஒரு கணத்தை அற்பமாக எண்ணாதீர்கள். போரை ஒரு சொல்லால் நிறுத்தும் ஆற்றல் உங்களுக்குக் கொடுக்கப்பட்டால், பங்கின் விலையைப் பாராமல் அச்சொல்லைச் சொல்வீர்களா என்று உங்களையே கேளுங்கள். தயங்காமல் சொல்வேன் என்று உள்ளம் கூறினால் வைத்திருங்கள். தயங்கினால், பணம் ஹலாலாகவே இருந்தாலும், அது உங்களுக்கு ஏற்ற சரக்கன்று. இப்படி எழுதியபோது, இந்தக் கேள்விக்கு நாமே என்ன விடை கூறுவோம் என்று எண்ணிப் பார்த்தோம். குவைத்திலிருந்து தமையனார் திரும்பியிராவிட்டால் நம் விடை அவ்வளவு உறுதியாக இருந்திருக்குமா என்பது ஐயமே.

அவ்வாண்டு ஜூலை முதல் நாள் மத்திய அரசு, உள்நாட்டுக் கச்சா எண்ணெயின் எதிர்பாராத இலாபத்தின் மீது டன்னுக்கு 23,250 ரூபாய் தனி வரி விதித்தது. பங்குகள் சரிந்தன. "ஹஜ்ரத், என் நிய்யத்தைச் சீர்படுத்தும் பொறுப்பை அரசாங்கமே எடுத்துக்கொண்டது" என்று மாணவர் செய்தி அனுப்பியிருந்தார். நாமும் சிரித்துவிட்டோம். விளையாட்டாகச் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் உண்டு. தன் உழைப்பாலன்றி ஊரின் துயரத்தால் ஒருவனுக்கு வந்த மிகுதியில் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அந்த வரியின் உட்கருத்து. 2024 டிசம்பரில் அது நீக்கப்பட்டது.

2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் மோதிக்கொண்டபோது, உலகம் செலவிடும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு கடந்துசெல்லும் ஹுர்முஸ் நீரிணை அடைபடுமோ என்ற பேச்சு எழுந்து விலை ஏறியது. 23ஆம் நாள் இரவு, கத்தாரிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தின் மீது ஏவுகணைகள் பாய்ந்த செய்தி வந்த சற்று நேரத்தில் நம் தொலைபேசி ஒலித்தது. மாணவர்தான். அவருடைய மச்சான் தோஹாவில் வேலை பார்க்கிறார். வான்வழியை மூடிவிட்டார்கள், போன் கிடைக்கவில்லை, வீட்டில் அழுதுகொண்டிருக்கிறார்கள், துஆச் செய்யுங்கள் ஹஜ்ரத் என்றார். துஆச் செய்தோம். பங்கின் விலையை அவரும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை.